தொட்டியில் காத்திருந்த குரல்

அவர் வேலை செய்யும் இடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எதுக்கும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். எதைச் செய்தாலும் கூடவே இன்னொன்றைச் சேர்த்து வைத்துவிட்டு, "எதுக்கும் இருக்கட்டும்" என்பார். அதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். வானம் பளிச்சென்று இருக்கும் நாளிலும் பைக்குள் குடை இருக்கும். மூக்குக் கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது என்று இன்னொரு கண்ணாடி, அதுவும் தொலைந்தால் என்ன செய்வது என்று மேஜைக்குள் பழைய கண்ணாடி. ரயிலுக்குப் போனால் முந்தின ரயில் புறப்படும் முன்பே பிளாட்பாரத்தில் நிற்பார். அப்படியே அதிலேயே ஏறிப் போய்விடலாமே என்று மனைவி கேட்டால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அவருடைய வேலையை உறவினர்களுக்கு விளக்குவது பெரும்பாடு. கருவிகளுக்கும் கம்ப்யூட்டரின் நினைவகத்துக்கும் நடுவே தகவலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிரலை எழுதுகிறவர் அவர். அந்த நிரலுக்கு டிரைவர் என்று பெயர். ஒருமுறை அதைச் சொல்லப்போக, பெரியப்பா எந்த ரூட்டு என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து விளக்கும் பொறுப்பை மனைவியே எடுத்துக்கொண்டாள். ஏற்றி இறக்கும் வேலை, ஆனால் மூட்டை கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லிவிடுவாள். நியாயமாகப் பார்த்தால் அதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது.

டயர் கடை மாடியில் இருந்த சின்னக் கம்பெனி அது. வாசலில் நிற்பவர் யார் என்று வீட்டுக்குள்ளிருந்தே கேட்டுப் பேசும் கதவுபோன்களைச் செய்துகொண்டிருந்தார்கள். மைக்கில் விழும் குரலை ஒரு சிப் எண்களாக மாற்றும். அந்த எண்களை ஒவ்வொன்றாக, கருவிக்கு மூளையான பிராசஸர் வந்து வாங்கிக்கொண்டு போனால் அதற்கு வேறு வேலை ஓடாது. அதனால் நினைவகத்தில் ஒரு தொட்டி கட்டிவிடுவார்கள். சிப் யாரையும் தொந்தரவு செய்யாமல் நேராக அதில் எண்களைக் கொட்டும். தொட்டி நிறைந்ததும் மணி அடிக்கும். பிராசஸர் வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும். அதற்குள் அடுத்த தொட்டி நிறையத் தொடங்கியிருக்கும்.

பிராசஸர் வேறு எங்கேயாவது மாட்டிக்கொண்டு வரத் தாமதமானால் தொட்டி வழிந்துவிடும், ஒரு சொல்லின் துண்டு காணாமல் போகும். எதுக்கும் சாருக்கு அது ஆகவே ஆகாது. தொட்டியைப் பெரிதாகக் கட்டினார். இரண்டு போதும் என்ற இடத்தில் நான்கு வைத்தார். மைக் பக்கத் தொட்டியிலிருந்து நடுவில் ஒரு தொட்டிக்கு நகல் எடுத்து, அங்கிருந்து ஸ்பீக்கர் பக்கத் தொட்டிக்கு மறுபடி நகல் எடுத்தார். நடுத்தொட்டி எதற்கு என்று முதலாளி கேட்டதற்கு என்ன பதில் வந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை வருடத்தில் அவருடைய போன் ஒரு சத்தத்தைக்கூட விட்டதில்லை. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

கதவுபோன் வியாபாரம் படுத்துக்கொண்டபோது, அதே பலகையை வைத்துக் காது மந்தமானவர்களுக்கு ஒரு கேட்கும் பெட்டி செய்யலாம் என்று முதலாளிக்கு யோசனை வந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி, அதில் ஒரு மைக், காதுக்கு இயர்போன். உள்ளே ஓடுவது எதுக்கும் சாரின் அதே பழைய டிரைவர். முதல் பெட்டி தயாரானதும் அதை யாருக்குக் கொடுப்பது என்று அவர் யோசிக்கவே இல்லை. நேராக வீட்டுக்கு வந்து, மாடியேறி அக்காவின் கையில் கொடுத்தார்.

அக்கா அவருக்கு மூத்தவள், தனி ஆள், அவர் குடியிருந்த கட்டடத்திலேயே மேல் வீட்டில் இருந்தாள். சாப்பாடு மட்டும் கீழே தம்பி வீட்டில். நகரத்துப் பெரிய பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பாள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று டைம் கீப்பர் உள்போனில் சொல்லுவார். அக்கா அதை மைக்கில் சொல்லுவாள். அவ்வளவுதான் வேலை. ஆனால் அவள் சொன்னால் கைக்குழந்தையோடு நிற்கிறவள்கூடப் பதறாமல் தன் வண்டியைத் தேடிப் போவாள். அப்படி ஒரு குரல்.

காது மந்தமாகத் தொடங்கியதும் போனில் வருவது அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டு தடவை நடைமேடை மாறிப் போனது. நிலைய அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். இந்த மாதக் கடைசிக்குள் சமாளிக்க முடிந்தால் மைக், முடியாவிட்டால் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றல். மற்றவர்கள் அதை ஓய்வான வேலை என்பார்கள். அக்காவுக்கு அது ஊமையாகப் போவது மாதிரி.

"அங்க போய் உக்காந்தா, நான் குடையோடயும் செருப்போடயும்தான் பேசணும்" என்றாள்.

பெட்டியை மாட்டிக்கொண்ட முதல் நாள் அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். குழாய் சொட்டுவது கேட்டது. பக்கத்து வீட்டுக் கதவு கிறீச்சிடுவது கேட்டது. டைம் கீப்பர் பேசுவது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்டது. தம்பிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இனி அக்காவின் நாற்காலியை யாரும் அசைக்க முடியாது என்று மனைவியிடம் சொன்னார்.

வாரம் முடிவதற்குள் எல்லாம் தலைகீழானது. அக்காவுக்கு எல்லாம் கேட்டது, பேச்சுதான் வரவில்லை. மைக்கில் பாதிச் சொல்லில் இழுத்தாள். சொன்னதையே மறுபடி சொன்னாள். நடுவில் நின்றுபோனாள். அறிவிப்பு அறையில் இருக்கும் அம்மாள் குடித்துவிட்டு வந்திருக்கிறாரா என்று ஒரு பயணி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வாழ்நாளில் அப்படி ஒரு பேச்சு வாங்காதவள் அக்கா. பேசும்போது இயர்போனைக் கழற்றுவதும் கேட்கும்போது மாட்டுவதுமாகச் சமாளித்துப் பார்த்தாள். மாட்டுவதற்குள் டைம் கீப்பர் பேசி முடித்துப் போனை வைத்துவிடுவார். அவரிடம் மறுபடி மறுபடி கேட்கவும் வெட்கமாக இருந்தது.

தம்பி விசாரித்தார். சத்தம் விட்டு விட்டுக் கேட்கிறதா என்று மட்டும்தான் அவருக்குக் கேட்கத் தோன்றியது. டிரைவர் எழுதுகிறவருக்கு வேறு என்ன தோன்றும்?

"எல்லாம் நல்லாத்தான் கேக்குதுடா. எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து போய்விட்டாள்.

அதற்கு மேல் சொல்ல அவளுக்குப் பயம். மூளையில் கோளாறு தொடங்கிவிட்டது என்று தனக்குள்ளேயே முடிவு கட்டியிருந்தாள். தம்பியோ, எங்கோ தொட்டி வழிந்து சத்தம் சிதறுகிறது, அக்கா அதைச் சொல்லத் தெரியாமல் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். பெட்டியை வாங்கிக்கொண்டு போய் இன்னும் இரண்டு தொட்டி சேர்த்துக்கொண்டு வந்தார். புண்ணில் உப்பைத் தேய்த்தது போல என்பார்களே, அதைத்தான் அன்போடு செய்தார்.

அதன் பிறகு அக்கா வீட்டிலும் வாயைத் திறப்பதை விட்டுவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசிச் சிரிக்கிறவள், தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். மனைவிக்கு அது பொறுக்கவில்லை. தான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டதாக நினைத்து, கடந்த மாதம் முழுவதும் பேசியதை ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரும் அவளும் அக்கா தங்கை மாதிரி பழகியவர்கள். ஒருநாள் கணவரைப் பிடித்து நிறுத்திக் கேட்டேவிட்டாள்.

"அண்ணிக்கு என் மேல என்ன கோவம்? நான் என்ன பண்ணேன்னாவது சொல்லச் சொல்லுங்க."

அவர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். மாதம் முடியப் போகிறது என்பது மட்டும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டி கீழ்வீட்டில் சார்ஜில் கிடந்தது. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தவள், பக்கத்து வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்கலாமே என்று அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். அது நல்ல எண்ணம் இல்லைதான், ஆனால் அந்தக் குடும்பத்தில் அந்த மாதம் நடந்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். பக்கத்து வீட்டில் வெறும் டிவி சத்தம். சலித்துப்போய்க் கணவரைக் கூப்பிட்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தவள், பாதியில் திக்கினாள். மறுபடி ஆரம்பித்தாள். நாக்கு புரளவில்லை. இயர்போனைப் பிடுங்கிவிட்டு அவரையே பார்த்தாள்.

"என்னங்க இது? நான் பேசினா, பின்னாலயே யாரோ அதையே பேசிக்கிட்டு வராங்க."

அவர் வாங்கி மாட்டிக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்த்தார். நான்கில் தடுமாறினார். தன் குரலே ஒரு சொல் பின்தங்கி வந்து தன் வாயை அடைத்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தொட்டி நிறையும் வரை குரல் அதற்குள் காத்திருக்க வேண்டும். பெரிய தொட்டி என்றால் அதிக நேரம் காத்திருக்க வேண்டும். மைக் பக்கம் ஒரு காத்திருப்பு, நடுவில் ஒன்று, காதுப் பக்கம் ஒன்று. ஒரு சொட்டும் சிந்தாமல், ஆனால் எல்லாமே தாமதமாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது. கதவுபோனில் அது ஒரு குறையே இல்லை. அதில் யாருக்கும் தன் குரல் திரும்பக் கேட்காது. இந்தப் பெட்டியிலோ பேசுகிறவரின் குரலும் அதே மைக்கில் விழுந்து அவர் காதுக்கே வருகிறது. இதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லையா என்றால், இல்லை. பதிவு செய்த குரல்களை ஓடவிட்டுத்தான் கம்பெனியில் சோதனை செய்வார்கள். சோதனை அறையில் யாரும் பேசக்கூடாது. பேசாதீர்கள் என்று கதவில் எழுதி ஒட்டியதே எதுக்கும் சார்தான். பெட்டியை மாட்டிக்கொண்டு வாயைத் திறந்த முதல் ஆள் அக்கா.

மாடிக்குப் போய், அக்காவின் காதருகே உரக்க எல்லாவற்றையும் சொன்னார். அக்கா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ பின்னாலயே வந்த குரல் பெட்டியோடதுதானா? என் மூளைக்கு ஒண்ணுமில்லையா?"

"உனக்கு ஒண்ணுமே இல்லக்கா. கோளாறு நான் கட்டின தொட்டில."

அக்கா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். பின்னாலேயே வந்த மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தடவிக்கொடுத்தாள். தன் மேல் கோபம் இல்லை என்று தெரிந்த நிம்மதியில் அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. அவர் மட்டும் இரண்டு பேருக்கும் எதிரில் குற்றவாளி மாதிரி நின்றுகொண்டிருந்தார். சும்மா நிற்காமல் போய் வேலையைப் பாருங்கள் என்று மனைவி அனுப்பிவைத்தாள்.

மறுநாளே தொட்டிகளை இடிக்கத் தொடங்கினார். முதலில் நடுத்தொட்டி. அதை எடுத்துவிட்டு, மைக் சிப் கொட்டும் இடத்திலேயே பிராசஸர் ஒலியைக் கூட்டி, அங்கிருந்தே காதுப் பக்கத்துச் சிப் எடுத்துக்கொள்ளும்படி செய்தார். ஒரு நகல்கூட இல்லை. எழுதி முடித்துக் காதில் மாட்டினால், ஒரே கந்தரகோளம். இப்போது சொன்ன சொல்லின் நடுவே முன்பு சொன்ன சொல்லின் துண்டு செருகிக்கொண்டு வந்தது.

பிராசஸருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருமுறை எட்டிப் பார்த்த இடத்தை மறுபடி போய்ப் பார்க்கச் சோம்பல்பட்டு, பக்கத்திலேயே ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். பெரும்பாலும் அதனால் வேலை வேகமாகத்தான் நடக்கும். ஆனால் மைக் சிப் அதனிடம் சொல்லாமல் நினைவகத்தில் புதிய ஒலியைக் கொண்டுவந்து வைத்துவிட்டால், அதற்குத் தெரியாது. பழைய பிரதியையே பார்த்துக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் நடுத்தொட்டிக்கு நகல் எடுக்கும் இடத்தில், பிரதியைத் துடைத்துவிட்டு நேரில் போய்ப் பார் என்று ஒரு வரி எழுதியிருந்தார். தொட்டியை இடித்தபோது அந்த வரியும் மண்ணோடு போய்விட்டது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் அந்த இடத்துக்குப் பிரதியே வைத்துக்கொள்ளக் கூடாது என்று பிராசஸருக்கு உத்தரவு போட்டதும் குரல் தெளிந்தது.

பிறகு மற்ற தொட்டிகளைச் சின்னதாக்கினார், உபரிகளை எடுத்தார். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் பழைய நிரலை எதுக்கும் இருக்கட்டும் என்று தனியே சேமித்து வைத்தார். தொட்டி சின்னதானதால் மணி ஓயாமல் அடித்தது. பிராசஸருக்குக் கண்மூட நேரமில்லை, அதனால் நாள் முழுவதும் நின்ற பேட்டரி இப்போது பாதி நாளில் தீர்ந்தது. அதுகூடப் பரவாயில்லை. பிராசஸர் கொஞ்சம் அசந்தால் தாங்கிப் பிடிக்க இப்போது உபரித் தொட்டி இல்லை. எப்போதாவது ஒரு டிக் சத்தம் வந்தது. அந்த இடத்தில் ஒரு துண்டுக் குரல் காணவில்லை.

என்னென்னவோ செய்து அதைக் குறைத்தார். அடியோடு ஒழிக்க முடியவில்லை. ஒழிக்க வேண்டுமானால் தொட்டியைப் பெரிதாக்க வேண்டும், பெரிதாக்கினால் தாமதம் திரும்பி வரும். முதலாளி கேட்டுவிட்டு, பாதி நாள் பேட்டரியோடு இதைக் கடையில் வைக்க முடியாது, ஆனால் உங்கள் அக்காவுக்குக் கொடுங்கள் என்றார். சத்தத்தை விடும் பெட்டியை எதுக்கும் சார் செய்வார் என்று நினைக்கவே இல்லை என்று சிரிக்கவும் சிரித்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. டைம் கீப்பர் நடைமேடை எண்ணைச் சொல்லும் அந்த நொடியிலேயே டிக் வந்தால்? அக்காவின் நாற்காலியைத் தன் கையாலேயே இழுத்துவிட்டது போல ஆகாதா?

மறைக்காமல் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அக்கா பெட்டியை மாட்டிக்கொண்டு, ஒரு அறிவிப்பை முழுவதுமாகச் சொல்லிப் பார்த்தாள். குரல் தடங்கலில்லாமல் ஓடியது. சொல்லி முடித்ததும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாளாக இப்படியா கத்திக்கொண்டிருந்தேன், ஒருத்தரும் சொல்லவில்லையே என்று தம்பி மனைவியைக் கோபித்துக்கொண்டாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு தம்பியிடம் சொன்னாள்.

"விட்டுப்போனத இன்னொரு தரம் கேட்டுக்கலாம்டா. என் குரலே எனக்கு லேட்டா வந்தா, நான் யாரப் போய்க் கேக்கறது?"

மாதக் கடைசியில் ஒரு காலை நேரத்து ஷிப்டைத் தன் முன்னால் பார்க்கச் சொன்னார் நிலைய அதிகாரி. தம்பி விடுப்பு எடுத்துக்கொண்டு போய், ஸ்பீக்கருக்குக் கீழே ஒரு பெஞ்சில் பயணியைப் போல உட்கார்ந்துகொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவும், அவளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அதிகாரியும் தெரிந்தார்கள். முதல் அறிவிப்பு வந்தது. அடுத்தது வந்தது. பழைய குரல், கொஞ்சம் தணிந்து, பேசுகிறவள் பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. பெஞ்சின் மறுமுனையில் இருந்த ஆள் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு தன் வண்டியைத் தேடிப் போனார். அவர் பதறாமல் போவதைத் தம்பி, கூட்டத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் நெரிந்த நேரத்தில், தம்பி பயந்தது நடந்தது. ஒரு வண்டியின் ஊரைச் சொல்லிவிட்டு அக்கா நின்றுபோனாள். பேச்சு வராமல் நின்றதல்ல, எண் வராமல் நின்றது. அவர் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டார். மைக்கை அணைக்காமலே அக்கா உள்போனைப் பிடித்துக்கொண்டு கேட்டது நிலையம் முழுக்கக் கேட்டது.

"நடைமேடை நம்பர் எனக்கு விட்டுப்போச்சு. இன்னொரு தரம் சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு எண் வந்தது, தெளிவாக, இரண்டு தடவை. எதிரே நின்ற கூட்டம் மூட்டை முடிச்சுகளோடு அந்தப் பக்கம் நகர்ந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை. கண்ணாடிக்குள் அதிகாரி கட்டிய கையைப் பிரித்து, அக்காவின் மேஜையில் இருந்த தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போனார். போகும்போது, இனி காலை ஷிப்ட் உங்களுடையது என்று சொல்லிவிட்டுப் போனாராம். மாலை ஷிப்ட் வேறு ஆளுக்கு. பேட்டரி அதுவரை தாங்காது என்று அக்காவே சொல்லியிருந்தாள்.

ஷிப்ட் முடிந்து இருவரும் ஒன்றாகவே பஸ் ஏறினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்ததிலிருந்து அக்கா வாய் மூடவில்லை. டைம் கீப்பருக்குப் புது மருமகன் வந்திருப்பதை, அதிகாரியின் செருப்பு தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை, குடித்திருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்த ஆள் மட்டும் கையில் கிடைத்தால் என்ன செய்வாள் என்பதை, எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கொட்டினாள். இத்தனை நாள் பேசாமல் வைத்திருந்தது அத்தனையும் வந்தது. முன்சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை.

பாதி வழியில் தம்பியின் பார்வை பெட்டியின் மேல் போனது. விளக்கு அணைந்திருந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது. பஸ் இரைச்சலில் தான் சொல்லும் எதுவும் இனி அவளுக்குக் கேட்காது. சொல்லலாமா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் பெட்டியைத் தொட்டுக் காட்டினார்.

"தெரியும்டா. அப்பவே போயிடுச்சு" என்றாள் அக்கா. "அதுக்காக நான் பேசக்கூடாதா?"

அவர் தலையாட்டினார். அக்கா விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.